கருப்புக் குதிரைக்கு மஞ்சள் கோட்டு

நவம்பர் 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம். உன் உடம்பும் நீ கட்டி மேய்க்கிற குதிரைகளின் உடம்பும் எப்படி இருக்கிறது என்று எழுது. பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உன் அண்ணன் வீட்டுக்குப் போன அம்மா இப்போதைக்கு வருகிற மாதிரி தெரியவில்லை. வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். சமையல் வந்துவிட்டது, உப்பு மட்டும் பிடிபடவில்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுதினால் படித்துத்தானே ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு நாள், கம்பெனியின் முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வேனில் போகிறேன். சரியாக விடியவில்லை. பேப்பர் போடுகிற பெண் ஒருத்தி சைக்கிளில் திடீரென்று முன்னால் நிற்கிறாள். கருநீலச் சட்டை, சைக்கிளில் விளக்கு கிடையாது. வானத்திலிருந்து குதித்த மாதிரி இருந்தது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் வேனில் இருந்தவர்கள் எல்லாரும் முன் சீட்டில் முட்டிக்கொண்டார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்து வரக்கூடாதா?" என்று என்னையே கேட்கிறாள். தப்பு முழுக்க அவள் பேரில்.

அன்று முழுக்க உன் நினைப்புதான். அதே நேரத்தில் நீயும் குதிரைமேல் ரோட்டில் போகிறாய். கருப்புக் குதிரை, பழுப்புச் சட்டை. லாரிக்காரனுக்கு நீ இருட்டோடு இருட்டு. ரோடு போடுகிறவர்கள் மாட்டியிருப்பார்களே, வெள்ளிப் பட்டை வைத்த கையில்லாத மஞ்சள் கோட்டு, அதில் ஒன்று இத்துடன் வருகிறது. தினமும் போட்டுக்கொள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பிரயோஜனம் இல்லை.

இப்படிக்கு,
அப்பா

நவம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். குதிரைகளில் ஒன்றுக்கு மட்டும் சளி. நீங்கள் உப்பைக் கையால் அள்ளாமல் கரண்டியால் போட்டுப் பாருங்கள்.

கோட்டு வந்து சேர்ந்தது. பிரித்ததும் லாயத்தில் ஒரே சிரிப்பு. இங்கே மூத்த ஆள் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். மீசை அப்படி, ஆளுக்கு ஒரு முழம் முன்னால் வரும். அவர் சொன்னார், "நாளையிலேர்ந்து தார் ஊத்தப் போறியா? எங்க வீட்டு முன்னாடியும் கொஞ்சம் ஊத்திட்டுப் போ." முதலாளியம்மாவோ, லாயத்துக்கு என்று ஒரு பழுப்புச் சீருடை இருக்கும்போது இது எதற்கு, பார்க்க நன்றாக இல்லை என்கிறார்.

அதைவிடப் பெரிய தொல்லை குதிரைதான். நான் ஏறுவது ஒரு கருப்புப் பெண் குதிரை. பெயர் கரிச்சட்டி. இடி இடித்தால் அசையாது, பிளாஸ்டிக் பை சரசரத்தால் நாலு காலும் தரையில் நிற்காது. கோட்டை உதறினேன், தொட்டியைக் கவிழ்த்துவிட்டது. லாயத்திலிருந்து பயிற்சி மைதானம் வரை பெரிய ரோட்டில்தான் போக வேண்டும், நடுவில் மதில் ஓரமாக ஒரு வளைவு வேறு. அங்கே அது துள்ளினால் கோட்டே எனக்கு எமன். ஆனாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்

டிசம்பர் 2

அன்பு மகளுக்கு,

இங்கே சுகம். சளிக் குதிரை தேறியதா?

"வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். உடம்பிலா, ஆணியிலா? பிடிவாதத்தில் உன் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாய்.

குதிரை பயந்தால் பழக்க வேண்டியதுதானே. தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் கோட்டைத் தொங்க விடு. தின்னும்போதெல்லாம் அது கண்ணில் படட்டும். சோறு போடுகிற இடத்தில் இருப்பதை யாரும் வெறுக்க மாட்டார்கள், உன் அம்மாவுக்கு நான் பழகிப்போனதும் அப்படித்தான். கரிச்சட்டியின் கால்களுக்குக் கட்ட வெள்ளிப் பட்டைகளும் அனுப்பியிருக்கிறேன். ஆடுகிற கால் மின்னினால் எந்தத் தூக்கக் கலக்கக்காரனுக்கும் தெரியும்.

இன்னொரு சேதி. வேனுக்குக் காத்து நிற்கிற ஆட்கள் எல்லாருக்கும் இதே கோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். போன வாரம் மூன்று பேரை ஏற்றாமல் விட்டுவிட்டேன் என்று ஆபீஸில் புகார். மரத்தடியில் சாம்பல் சட்டையில் நின்றால் யாருக்குத் தெரியும்? இப்போது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் விளக்கேற்றி வைத்த மாதிரி நிற்கிறார்கள். "டிரைவரண்ணனுக்குத் தங்கமான மனசு" என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த கடிதத்தைக் கருப்பு மையில், எழுத்தைப் பெரிதாக எழுது. உன் நீல மை மழையில் நனைந்த மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா

டிசம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் கேட்டபடி கருப்பு மை, கொட்டை எழுத்து. போன கடிதம் நனையவில்லை என்றுதான் நினைக்கிறேன், இங்கே மழையே இல்லை.

கோட்டைத் தொட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். முதல் இரண்டு நாள் கரிச்சட்டி பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் எட்டி நின்று தின்றது. நேற்று கோட்டின் ஓரத்தைக் கடித்துப் பார்த்தது. ஆகவே உங்கள் வைத்தியம் பலிக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து போட்டுக்கொள்கிறேன். கால் பட்டைகளை மீசைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "கொலுசு நல்லாருக்கு" என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த மூன்று பேரும் வருடக்கணக்கில் அதே மரத்தடியில்தானே நிற்கிறார்கள்? இத்தனை நாளும் தெரிந்தவர்கள் இப்போது எப்படித் தெரியாமல் போனார்கள்?

அம்மா வரும் தேதி தெரிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

ஜனவரி 10

அன்பு மகளுக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. போன் செய்தால் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உடம்புக்கு ஏதும் இல்லையே? ஒரு வரி போதும், எழுதிப் போடு.

அம்மாவுக்கு மருமகள் இன்னும் விடைகொடுக்கவில்லை. வேனுக்கு முன்பக்கம் சின்னதாக ஒரு நெளிசல். கம்பெனி வாசல் கேட்டின் தூணைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிட்டார்களோ என்று சந்தேகம். இல்லை, அங்கேயேதான் இருக்கிறது என்கிறார்கள். போகட்டும்.

கோட்டைப் போட்டுக்கொண்டு குதிரைமேல் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பிரிண்ட் போட்டு அனுப்பு. பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இப்படிக்கு,
அப்பா

பிப்ரவரி 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ இத்துடன் இருக்கிறது. லாடம் அடிக்க வருகிறவர் எடுத்தார். லாயத்து வாசலில் எடுத்தது. கோட்டும் இருக்கிறது, கால் பட்டையும் இருக்கிறது, கரிச்சட்டியும் இருக்கிறது. மற்றதைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும். நான்கைந்து முறை எழுதிப் பார்த்தேன், எழுத வரவில்லை. அதனால்தான் போட்டோவையே அனுப்புகிறேன். திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள். அம்மாவிடம் மட்டும் இப்போது சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்

பிப்ரவரி 12

அன்பு மகளுக்கு,

நான் சுகம், நீ சுகமா? போட்டோ கிடைத்தது. எதற்கு உன்னைத் திட்ட வேண்டும்? மனசு நிறைந்துவிட்டது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். என்ன கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறாய். கோட்டும் அளவாக இருக்கிறது, பட்டை பளிச்சென்று தெரிகிறது. உடம்பும் கொஞ்சம் போட்டிருக்கிறது, அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் போல. தாமதமாக எழுதியதற்காகத் திட்டுவேன் என்று பயந்தாயா? விட்டுவிட்டேன்.

குதிரையின் தலைப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிற மாதிரி இருக்கிறது. யார் அது? பாவம், அவனும் இருட்டுச் சட்டையில் இருக்கிறான். சொன்னால் அவனுக்கும் ஒரு கோட்டு அனுப்பி வைக்கிறேன்.

உன் எழுத்துதான் கோழி கிளறிய மாதிரி ஆகிவிட்டது. கவனி.

சந்தோஷத்துடன்,
அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வைக்கோல் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குதிரைமேல் இருப்பது மீசைக்காரர். பக்கத்தில் நிற்கிற பையன் நான்தான். என் வலது கை தூளிக்கட்டில் இருக்கிறது. கழுத்தில் வெள்ளைத் துணி தொங்குகிறது. அதைப் பார்த்து நீங்கள் துடித்துப் போவீர்கள் என்று பயந்துகொண்டு இருந்தேன். நீங்கள் என்னையே பார்க்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரத்திலிருந்து போட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன் அல்லவா, போடவில்லை. சிரிப்பார்கள் என்று நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனேன். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த வாரம், பனிமூட்டம். மதில் வளைவில் பால் வேன் ஒன்று உரசிக்கொண்டு போனது. கரிச்சட்டி எழும்பியது, நான் ரோட்டில் விழுந்தேன். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் காறை எலும்பு முறிந்துவிட்டது. கரிச்சட்டிக்குத் தொடையில் சிராய்ப்பு, ஆறிவிட்டது. கோட்டு அப்போதும் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கோணல் எழுத்து இடது கை எழுத்து.

பால் வேன்காரர் ரோட்டில் உட்கார்ந்து அழுதார். "தெரியலம்மா, சத்தியமா தெரியல," இதையே சொல்லிக்கொண்டிருந்தார். குருட்டுப் பயல் என்று தினமும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு என்னால் திட்ட முடியவில்லை.

அப்பா, பேப்பர் போடுகிற பெண்மேல் தப்பு இல்லை. மரத்தடியில் நின்ற மூன்று பேர் மேலும் தப்பு இல்லை. கேட்டுத் தூணும் இடம் மாறவில்லை. நீங்கள் எல்லாருக்கும் கோட்டு வாங்கிக் கொடுத்தது எதற்கு என்று உங்களுக்கே தெரியும். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து அந்த வேனை எடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

மார்ச் 3

கடிதம் கிடைத்தது.

நீ பிறப்பதற்கு முன்பே ஸ்டியரிங் பிடித்தவன் நான். ஒரு பூனைக்குட்டிகூட என் சக்கரத்தில் மாட்டியதில்லை. போட்டோ சின்னதாக இருந்தது, அவ்வளவுதான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் பேச்சை என் பக்கம் திருப்புகிறாய்.

வேனை விட்டால் வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வது? கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதா?

தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கனமாக எதையும் தூக்காதே.

அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் விசாரிக்காமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. அதனால் நானே இரண்டு முறை கேட்கிறேன். நலமா? நலமா?

கட்டு அவிழ்த்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஏறுகிறேன். கோட்டோடு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மீசைக்காரர் போட்டோவுக்காக ஒரு நாள் போட்டவர், இப்போது தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்.

நான் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை. கம்பெனிக்கும் எழுதப் போவதில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் எதையும் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு நல்ல வெயிலில் உட்காருங்கள். மீசைக்காரரின் மீசையைக் கண்டுபிடியுங்கள். கிடைத்துவிட்டால் நான் வாயே திறக்க மாட்டேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வேனில் ஏறுகிறவர்களுக்கும் வீட்டில் மகள்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

ஏப்ரல் 18

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா? நான் நலம்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. உன் கடிதம் வந்த அன்றே போட்டோவை எடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் வாசலில் உட்கார்ந்தேன். மஞ்சள் தெரிந்தது. நாலு காலில் பட்டை தெரிந்தது. மீசையைத் தேடினேன். கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பொய் சொல்வானேன், அழுகை வந்துவிட்டது. மறுநாள் விடியலில் வேனை எடுக்கவில்லை. சாவியை ஆபீஸ் மேஜைமேல் வைத்தேன். மேனேஜர் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "நல்ல வேளை" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. "இதோடயா வேன் ஓட்டினீங்க?" என்று அந்த டாக்டரம்மா கேட்டார். மே மாதம் இடது கண்ணுக்கு ஆபரேஷன். அம்மாவுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். மூன்று நாள் திட்டினாள், நாலாம் நாள் கிளம்பிவிட்டாள். உன் கை விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். தனியாகத் திட்டு வாங்க நான் என்ன இளிச்சவாயனா?

இப்படிக்கு,
அப்பா

மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் திட்டு எனக்கும் வந்து சேர்ந்தது, குறையில்லாமல். உங்கள் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் அழுததைப் படித்து நானும் அழுதேன். இனி அதைப் பற்றி எழுதவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் எழுதுங்கள், நீங்களே எழுதுங்கள்.

ஒரு யோசனை கேட்க வேண்டும். கோட்டு இப்போது தினமும் என் உடம்பில்தான் இருக்கிறது. கரிச்சட்டியும் பழகிவிட்டது, அதைப் பார்த்தால் தீவனம் வருகிறது என்று கனைக்கிறது. ஆனால் வெயில் காலம் வந்துவிட்டது, சீக்கிரமே விடிகிறது. உள்ளே ஒரே புழுக்கம். விருந்தாளிகள் வருகிற நாட்களிலாவது அதைக் கழற்றக் கூடாதா என்று முதலாளியம்மா கேட்கிறார். எனக்கும் ஒன்று தோன்றுகிறது. உங்கள் கண் சரியில்லாததால்தானே நீங்கள் இந்தக் கோட்டைக் கண்டுபிடித்தீர்கள்? கண் சரியாகிவிட்டால் இதற்கு இன்னும் வேலை இருக்கிறதா? நீங்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

அப்பாதான் எழுதுகிறேன், ஒரு கண்ணால். சுகம். இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம். மழைக்குத் தோள் வலிக்கிறதா என்று எழுது.

அம்மா வந்ததும் வீட்டைப் பார்த்து, "இவ்வளவு ஒட்டடையிலயா இருந்தீங்க?" என்றாள். அப்போது கோபம் வந்தது. கட்டு அவிழ்த்த பிறகு நானே பார்த்தேன். அவள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

இனி வேன் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கேட்டில் ஆள் பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் இடித்த அதே தூணுக்குப் பக்கத்தில் நாற்காலி. நெளிசல் வேனுக்கு மட்டும் இல்லை, தூணிலும் ஒரு துண்டு போயிருக்கிறது. வேனுக்குப் புது டிரைவர் ஒரு பெண், கழுகுக் கண். நான் ஸ்டாப் ஆட்களிடம், "இனிமே கோட்டைக் கழட்டிடலாமே" என்றேன். "ரோட்டுல அவங்க வேன் மட்டுமா வருது?" என்றார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை பார்.

போட்டோவைக் கடைசியாகத்தான் எடுத்தேன். எடுக்கப் பயமாக இருந்தது. மீசை உடனே தெரிந்தது. அந்த மீசையைப் பார்த்தா என் மகள் கம்பீரமாக இருக்கிறாள் என்று பூரித்துப் போனேன்? அவரிடம் சொல்லிவிடாதே.

பிறகு உன்னைத் தேடினேன். கருப்புக் குதிரை, பழுப்புச் சட்டை, பின்னால் இருட்டுக் கதவு. தூளிக்கட்டின் வெள்ளைத் துணிதான் முதலில் கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்த்தான் உன் முகத்தைக் கண்டுபிடித்தேன். இளைத்துப் போயிருக்கிறாய்.

கழற்றலாமா என்று கேட்டிருந்தாய். புதுக் கண், மத்தியான வெளிச்சம், பெற்ற அப்பன், நீ அங்கே நிற்கிறாய் என்று தெரிந்தே தேடினேன். அப்படியும் உன்னைக் கண்டுபிடிக்க நேரம் ஆயிற்று. லாரிக்காரன் உன்னைத் தேடிக்கொண்டு வரமாட்டான்.

இப்படிக்கு,
அப்பா